கடல் கடந்த பயிற்சி

மனத்துள்ளே கோயில் எழுப்பிய பூசலாரின் திருநின்றவூரிலிருந்தும் இன்று மாணவர்கள் அயல்நாட்டுப் பயிற்சிக்குச் செல்ல விழைகின்றனர். சான்றிதழைத் தவிர அவர்கள் கொண்டுவர வேண்டியது எது?

1963இல் அப்துல் கலாம் ஏறத்தாழ ஆறு திங்கள் அமெரிக்க நாசா நிலையங்களில் ஏவூர்தி நுட்பம் பயின்றார். வாலப்ஸ் ஏவுதள வரவேற்பறையில், திப்பு சுல்தானின் படை ஆங்கிலேயர்மீது ஏவுகணை தொடுக்கும் ஓவியத்தைக் கண்டார். தாயகம் மறந்திருந்த செய்தி, அயலார் சுவரில் மதிப்புடன் தொங்கியது! நுட்பத்தினும் இக்காட்சியே அவரை வளர்த்தது என்பேன்.

மற்றொரு வளர்ச்சி, திரும்பிய பின்னரே வெளிப்பட்டது. தும்பாவில் அவருக்குக் கிடைத்த பணிக்கூடம் ஒரு பழைய தேவாலயம். அவ்வாண்டு நவம்பர் 21 அன்று பாரந்தூக்கி பழுதுபட்டது. குழுவினர் தம் கைகளாலேயே ஏவூர்தியைத் தூக்கி நிறுத்தினர். அன்று மாலையே நைக்-அப்பாச்சி விண்ணில் சீறியது.