பாம்புப் பெட்டியின் உஷ்ணத்தைக் கையால் பார்க்கலாமா?

லண்டனில் இருக்கும் என் மருமான் வீட்டிற்குச் சென்ற வருஷம் போயிருந்தேன். கூடத்தில் ஒரு நீண்ட கண்ணாடிப் பெட்டி இருந்தது. மீன் வளர்க்கிறார்கள் போலிருக்கிறது என்று குனிந்து பார்த்தேன். தண்ணீர் இல்லை, மீனும் இல்லை. ஒரு மரப்பட்டையின் அடியில், கைத்தடி கனத்தில், பழுப்பும் கறுப்புமாக ஒரு பாம்பு சுருண்டு கிடந்தது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை என்பதை வாசகர்களிடம் மறைப்பானேன்?

"தாத்தா, இது ஒன்றும் செய்யாது. விஷமே கிடையாது" என்றாள் மருமானின் பெண். பதினான்கு வயது. பாம்பு அவளுடையது. மேற்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்த சிறு மலைப்பாம்பு ஜாதி. பயந்தால் பந்து மாதிரி சுருண்டுகொள்வதால் ஆங்கிலத்தில் 'பால் பைதான்' என்று பெயர். நம் பாலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. எந்தப் பாம்பிற்கும் பாலோடு சம்பந்தமில்லை என்பது வேறு விஷயம்.

இங்கே ஒரு வார்த்தை. பிரிட்டனில் இந்தப் பாம்பை வளர்க்க லைசென்ஸ் தேவையில்லை. நம் நாட்டுக் கதை வேறு. 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் பாம்புகளைப் பிடித்து வீட்டில் வளர்ப்பது குற்றம். 2022-ல் அந்தச் சட்டத்தைத் திருத்தியபோது, சர்வதேசப் பட்டியலில் உள்ள அயல்நாட்டுப் பிராணிகளை வைத்திருப்பவர்கள் அவற்றைப் பதிவு செய்யவேண்டும் என்றும் ஏற்பாடாயிற்று. 2023-ல் திருச்சி விமான நிலையத்தில், கோலாலம்பூரிலிருந்து வந்த ஒரு பிரயாணியின் பெட்டியில் 47 மலைப்பாம்புகள் பிடிபட்டன. ஆகவே, இதைப் படித்துவிட்டு யாரும் பாம்பு வாங்கப் புறப்படவேண்டாம். ஆனால், வெளிநாடுகளில் நம் உறவினர்களின் குழந்தைகள் வளர்க்கிறார்களே, அவர்களுக்காகச் சொல்லவேண்டியது இருக்கிறது.

நான் போன மூன்றாம் நாள் அந்தப் பெண் பாம்பைக் கையில் எடுத்தவள், "அப்பா!" என்று கத்தினாள். பாம்பின் வயிற்றுப் பக்கத்துச் செதில்கள் ஒரு சாண் நீளத்திற்குச் சிவந்து, கொப்புளம் கண்டிருந்தன. கால்நடை வைத்தியர் பார்த்த மாத்திரத்தில், "சூட்டுக் காயம்" என்று சொல்லிவிட்டார். மருமான் ஒப்புக்கொள்ளவில்லை. பெட்டியின் சுவரில் வட்டமான முள் உஷ்ணமானி ஒன்று ஒட்டியிருந்தது. அது 29 டிகிரி காட்டிற்று. "நானும் தினம் கையை வைத்துப் பார்க்கிறேன், வெதுவெதுப்பாகத்தானே இருக்கிறது?" என்றான். வைத்தியர் ஒரு சின்ன எலெக்ட்ரானிக் உஷ்ணமானியைக் கொடுத்தனுப்பினார். மரத்தூளை விலக்கி, பாம்பு படுக்கும் இடத்தில், அடிக்கண்ணாடியின்மேல் அதன் முனையை வைத்தோம். 45 டிகிரி!

முள் பொய் சொல்லவில்லை. அது ஒட்டியிருந்த இடத்தின் காற்றுச் சூட்டைச் சொல்லிற்று. பாம்பு சுவரின் நடுவிலா படுத்திருந்தது? கையோ அதைவிட மோசமான சாட்சி. நம் தோலின் உஷ்ணமே ஏறக்குறைய 33 டிகிரி. பனியிலிருந்து வீட்டிற்குள் வந்தவன் கைக்கு எதுவும் சூடு. வெந்நீரில் பாத்திரம் தேய்த்தவன் கைக்கு எதுவும் இதம். தவிர, நாம் தொட்டுவிட்டுக் கையை எடுத்துவிடுகிறோம். பாம்பு மணிக்கணக்கில் கிடக்கிறது.

சுட்டால் நகர்ந்துகொள்ளாதா என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். இந்த ஜாதிப் பாம்பின் உதட்டோரத்தில் வரிசையாகச் சிறு குழிகள் இருக்கின்றன. இருட்டில் எலியின் உடற்சூட்டை அவற்றால் கண்டுகொள்ளும். அந்தச் சூட்டை உணரும் புரதம் இன்னதென்று 2010-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். அவர்களில் ஒருவரான டேவிட் ஜூலியஸ், உஷ்ணத்தை உணரும் உறுப்பமைப்பு பற்றிய ஆராய்ச்சிக்காக 2021-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். எட்ட நிற்கும் எலியின் சூட்டை அறியும் பிராணி, தன் வயிறு வேகும்போது நகராமல் கிடக்கிறது. காரணம் பல சொல்கிறார்கள். காட்டில் சூடு மேலேயிருந்து, வெயிலாக வருகிறது; கீழேயிருந்து நெருப்பாக வருவது பழக்கமில்லை என்பது ஒன்று. காரணம் எதுவாயினும், வெந்த பாம்புகளைப் பார்க்காத கால்நடை வைத்தியர் அந்த ஊரில் அபூர்வம் என்றார் எங்கள் வைத்தியர்.

மருமான் ஒரு கேள்வி போட்டான். "ஆப்பிரிக்காவில் இதற்கு யார் மாமா உஷ்ணமானி வைத்தார்கள்?" சாமர்த்தியமான கேள்விதான். ஆனால் ஆப்பிரிக்காவில் அதற்கு எலி வளை இருக்கிறது, கறையான் புற்று இருக்கிறது. வெயில் ஏறினால் ஒரு முழம் உள்ளே போகும். குளிர்ந்தால் வெளியே வரும். நம்மைப் போல உடலுக்குள்ளேயே அடுப்பு எரியும் ஜாதி அல்ல அது. இடம் மாறித்தான் உஷ்ணத்தைச் சரிப்படுத்திக்கொள்ளவேண்டும். சூடு போதாவிட்டால் தின்ற எலி ஜீரணமாகாமல் வாந்தியாகும், மார்ச்சளி பிடிக்கும். மிஞ்சினால் உயிருக்கே ஆபத்து. நான்கடிப் பெட்டியில் போட்டு மூடியபோது, இடம் மாறும் சுதந்திரத்தை நாம் எடுத்துக்கொண்டோம். அதனால்தான் பெட்டியின் ஒரு கோடியில் 31 முதல் 33 டிகிரி, மறு கோடியில் 24 முதல் 26 என்று இரண்டு சீதோஷ்ணங்களை நாமே உண்டாக்கவேண்டியிருக்கிறது. ஒன்றல்ல, இரண்டு. ஆகவே உஷ்ணமானியும் இரண்டு வேண்டும்.

பாம்போடு உஷ்ணமானிக்கு உள்ள உறவு பழையது. பாரிஸ் மிருகக்காட்சிசாலையில் 1841-ல் ஒரு பெண் மலைப்பாம்பு முட்டைகளைச் சுற்றி அடைகாத்தது. வலென்சியென் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி அதன் சுருள்களுக்கிடையே உஷ்ணமானியை வைத்துப் பார்த்து, சுற்றியுள்ள காற்றைவிட அங்கே சூடு அதிகம் என்று எழுதினார். பாம்பு தன் உடலைச் சூடேற்றுமாவது என்று சிரிப்பதற்கு எவ்வளவோ இடமிருந்தது. அளந்து பார்த்தார், அவ்வளவுதான்.

இனி, எப்படி அளப்பது? கம்பியின் நுனியில் உணர்முனை உள்ள எலெக்ட்ரானிக் கருவி நல்லது. முனை பாம்பு படுக்கும் இடத்தில் இருக்கவேண்டும். தூளின்மேல் அல்ல, தூளைத் தோண்டிக்கொண்டு அது எட்டக்கூடிய அடித்தளத்தில். கருவி சரியாக இருக்கிறதா என்று அறிய, நனையக்கூடிய முனையாயிருந்தால், நொறுக்கிய பனிக்கட்டியும் கொஞ்சம் தண்ணீரும் கலந்த டம்ளரில் வையுங்கள். 0 காட்டவேண்டும். பாதரசக் கண்ணாடி உஷ்ணமானியைப் பெட்டிக்குள் வைக்கவே கூடாது. பாம்பு புரண்டால் உடையும். பாதரசம் பாம்பிற்கும் விஷம், வீட்டிலுள்ளவர்களுக்கும் விஷம்.

ஒட்டு நாடாவும் கூடாது. கம்பியை நாடாவால் ஒட்டிவிடுகிறார்கள். ஈரத்தில் அது ஒரு ஓரம் பெயரும். பாம்பு அதில் உரசிப்போனால் தோலோடு ஒட்டிக்கொள்ளும். பிடித்து இழுத்தால் செதில் பெயர்ந்து வரும். சமையல் எண்ணெயைத் தடவி, ஊறவைத்து, மெதுவாக எடுக்கவேண்டும். இந்தப் பாடெல்லாம் எதற்கு? திருகாணி போட்ட சிறு பிடிப்புகள் கிடைக்கின்றன.

கொரோனாக் காலத்தில், 2020-ல், கடை வாசலில் நெற்றிக்கு நேரே நீட்டினார்களே துப்பாக்கி, அதே வகைக் கருவி இதற்கும் உபயோகப்படும். ஆனால் கண்ணாடிக்கு வெளியே நின்று நீட்டினால் அது கண்ணாடியின் சூட்டைத்தான் சொல்லும், உள்ளே இருப்பதை அல்ல. கதவைத் திறந்து, கிட்டத்தில் நீட்டவேண்டும். அதிலிருந்து வரும் சிவப்பு லேசர் ஒளி பாம்பின் கண்ணில் விழலாகாது. அதற்கு இமை கிடையாது, மூடிக்கொள்ள வழியில்லை.

மாலையில் ஒரு முறை பார்த்தால் போதுமா? போதாது. பின்னிரவு மூன்று மணிக்கு என்ன இருந்தது என்று யாருக்குத் தெரியும்? ஒரு நாளின் உச்சத்தையும் தாழ்வையும் தானே குறித்து வைக்கும் உஷ்ணமானியை ஜேம்ஸ் சிக்ஸ் என்ற ஆங்கிலேயர் 1780-லேயே செய்தார். இன்று அது சட்டைப்பை அளவில் கிடைக்கிறது. கைத்தொலைபேசிக்குச் செய்தி அனுப்புகிறவையும் வந்துவிட்டன.

ஆனால் அளப்பது வேறு, அடக்குவது வேறு. இஸ்திரிப் பெட்டி போதிய சூடேறியதும் தானே 'டிக்'கென்று அணைகிறதல்லவா? அந்த மாதிரி தெர்மோஸ்டாட் ஒன்று சூட்டு விரிப்பிற்கும் வேண்டும். மருமான் வீட்டில் விரிப்பு நேரே மின்சாரத்தில் சொருகியிருந்தது. அணைப்பார் இல்லை, அதனால்தான் 45. சரி, தெர்மோஸ்டாட் வாங்கியாயிற்று, நிம்மதி என்று படுக்கலாமா? அதன் உணர்முனையைப் பாம்பு தள்ளிவிட்டுத் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டுவிட்டால், பெட்டி குளிர்ந்துவிட்டதென்று அது நம்பி, இரவெல்லாம் சூட்டை ஏற்றிக்கொண்டே இருக்கும். ஆகையால் தெர்மோஸ்டாட்டில் தெரியும் எண்ணை அதே தெர்மோஸ்டாட்டுக்குச் சாட்சியாகக் கொள்ளக்கூடாது. தனி உஷ்ணமானி, தனி முனை, எல்லை மீறினால் மணி அடிக்கிற வகையாக இருந்தால் உத்தமம். விரிப்பும் அடித்தளத்தில் மூன்றில் ஒரு பங்கிற்கு மேல் பரவியிருக்கலாகாது. ஓடிப்போக இடம் வேண்டாமா?

இதில் வளர்ப்பவர்களை மட்டும் குறை சொல்வது நியாயமல்ல என்பது என் கட்சி. பதினான்கு வயதுப் பெண் கடைக்குப் போனாள். பெட்டி, விரிப்பு, முள் உஷ்ணமானி எல்லாம் சேர்த்து ஒரே விலை என்று கட்டிக் கொடுத்தார்கள். தெர்மோஸ்டாட் அதில் இல்லை. பிரேக் தனி விலை என்று சொல்லி யாராவது சைக்கிள் விற்பார்களா? இங்கிலாந்தில் 2006-ம் வருஷத்துப் பிராணி நலச் சட்டம் இருக்கிறது. பிராணிக்கு ஏற்ற சூழ்நிலையை அமைத்துத் தரும் பொறுப்பை அது வளர்ப்பவர்மீது வைக்கிறது. நல்ல சட்டம். ஆனால் அடக்குவான் இல்லாத அடுப்பை விற்றவரும் அந்தப் பொறுப்பில் ஒரு பங்கு ஏற்கவேண்டும். சூட்டு விரிப்பைத் தெர்மோஸ்டாட் இல்லாமல் விற்கவே கூடாது என்று ஒரு வரி எழுதினால் எத்தனையோ வயிறுகள் வேகாமல் தப்பும்.

பாம்பு பிழைத்துக்கொண்டது. தினம் மருந்து; மரத்தூளுக்குப் பதில் சுத்தமான காகிதம். இரண்டு முறை சட்டை உரித்த பிறகும் வடு இருக்கிறது என்று அந்தப் பெண் எழுதியிருந்தாள். பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து, காலையும் மாலையும் இரு கோடிகளின் உஷ்ணத்தையும் எழுதுகிறாளாம்.

மருமான் அந்தக் கடைக்கு ஒரு கடிதம் போட்டான். ஒரு வாரத்தில் மரியாதையாகப் பதில் வந்தது: தெர்மோஸ்டாட் தங்களிடம் தனியாக விற்பனைக்கு உண்டு என்று.