வயிற்றுப்போக்கின்போது தண்ணீரை மறுக்கலாமா?

“வயிற்றால் போகிறதா? தண்ணீர் கொடுக்காதே, வயிறு காயட்டும்!” என்னும் அறிவுரையைக் கேட்காத தெரு நம் ஊரில் உண்டா? ஊற்ற ஊற்றத்தானே வெளியே போகிறது என்று பாட்டிமார் கூறும் காரணமும் கேட்கப் பொருத்தமாகவே இருக்கிறது. ஆயினும் அது தவறு. குழந்தையின் உயிரையே குடிக்கக்கூடிய தவறு. வெறுமனே “கொடுங்கள்” என்றால் பாட்டி கேட்கமாட்டார். ஏன் என்று சொல்ல வேண்டும். அந்த ‘ஏன்’ என்பதைத்தான் நாம் படிக்காமல் விட்டுவிடுகிறோம் என்பது என் கருத்து.

காலரா எதனால் வருகிறது என்று தேர்வில் கேட்டால், கிருமியின் பெயரையும் அசுத்த நீரையும் இரண்டு வரியில் எழுதி மதிப்பெண் வாங்கிவிடுகிறோம். அந்தக் கிருமி குடலுக்குள் போய் என்ன செய்கிறது? 1884-இல் கல்கத்தாவில் அதை ஆராய்ந்த இராபர்ட் கோச், அது ஏதோ ஒரு நஞ்சை உண்டாக்குகிறது என்று ஊகித்தார். அதன் பின்னும், குடலின் உட்சவ்வே உரிந்து போவதால்தான் இந்நோய் என்று மருத்துவர்கள் பலர் நெடுநாள் நம்பினர். 1959-இல் அதே கல்கத்தாவில் சம்புநாத் டே என்னும் பேராசிரியர், கிருமி வளர்ந்த திரவத்தை வடிகட்டி, கிருமியே இல்லாத அந்த நீரை முயலின் குடலில் செலுத்தினார். குடல் நீர் கோத்து வீங்கிற்று. கிருமி வெளியிடும் ஒரு புரதமே குற்றவாளி என்பது தெரிந்தது. (என் தோழியரைக் கேட்டுப் பார்த்தேன். கோச்சை எல்லோருக்கும் தெரிகிறது. டேயை ஒருத்திக்கும் தெரியவில்லை. 1985-இல் அவர் மறையும்வரை நம் நாட்டு அறிவியல் கழகம் எதுவும் அவரை உறுப்பினராக ஏற்கவில்லையாம். நாம் மட்டும் குற்றவாளிகள் அல்லர் போலும்!)

அப்புரதத்தின் சாமர்த்தியத்தைப் பாருங்கள். அதற்கு ஆறு துண்டுகள். ஐந்து துண்டுகள் வளையமாகச் சேர்ந்து குடற்செல்லின் மேல் ஒட்டிக்கொள்கின்றன. ஆறாவது துண்டின் ஒரு பகுதி செல்லுக்குள் நுழைந்து, அங்குள்ள ஒரு ‘சுவிட்’சை அணைக்க முடியாதபடி செய்துவிடுகிறது. உடனே உப்பு குடலுக்குள் கொட்டுகிறது. உப்பின் பின்னே தண்ணீர் ஓடுகிறது. கடும் காலராவில் மணிக்கு ஒரு லிட்டர் வரை போய்விடும். குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு உண்டாக்கும் ஈ.கோலை இனம் ஒன்று இன்னும் கெட்டிக்காரக் கிருமி. பற்றிக்கொள்ளக் கொக்கி இல்லாத சுவரில், தானே ஒரு கொக்கியை அடித்துத் தொங்கும் திருடனைப் போல, தன் புரதம் ஒன்றைக் குடற்செல்லுக்குள் ஏற்றி, பிறகு அதையே பிடித்துக்கொள்கிறது! படித்தபோது எனக்குக் கோபத்தைவிட வியப்பே மிகுந்தது.

இனி பாட்டியின் வாதத்துக்கு வருவோம். வெளியே போவது நாம் ஊற்றிய தண்ணீர் அன்று. குழந்தையின் இரத்தத்திலிருந்து இறங்கும் தண்ணீர். நாம் நிறுத்தினாலும் அது நிற்காது. ஆனால் காலரா நஞ்சு செல்லை உடைப்பதில்லை. சர்க்கரையும் உப்பும் சேர்ந்து வந்தால் உள்ளே விடும் வேறொரு வாயில் அதே செல்லில் திறந்தே இருக்கிறது. அவ்விரண்டோடு தண்ணீரும் உள்ளே போகும். 1971-இல் வங்காள அகதிகள் தங்கிய பன்காவ் முகாமில் காலரா பரவி, நரம்பில் ஏற்றும் மருந்துநீர் தீர்ந்துபோனபோது, டாக்டர் திலீப் மகலனாபிஸ் இதை நம்பியே உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரைப் பீப்பாய்களில் வைத்தார். நோயாளிகளின் உறவினர்களே அதை மொண்டு கொடுத்தனர். 30 விழுக்காடு வரை இருந்த இறப்பு 4 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். கரைசல் கொடுத்தவுடன் போக்கு நின்றுவிடாது. அதனால்தான் பலர் நம்பிக்கை இழந்து, கலர் சோடாவையோ இனிப்பு மிகுந்த பானத்தையோ கொடுக்கிறார்கள். சர்க்கரை மிகுந்தால் அதுவே குடலுக்குள் தண்ணீரை இழுக்கும். வெறும் தண்ணீர் மட்டும் போதாது. இழந்த உப்பையும் ஈடு செய்ய வேண்டும். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. உப்புப் போட்ட கஞ்சி நல்லது. கண் குழிந்து, குழந்தை துவண்டு, குடிக்கவும் மறுத்தால் மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

“இதெல்லாம் டாக்டருக்குப் படிப்பவர்களுக்குத்தானே?” என்றாள் ஒரு தோழி. நள்ளிரவில் தம்பிக்கு வயிற்றால் போகும்போது டாக்டரா பக்கத்தில் இருக்கிறார்? அம்மாவும் அக்காவும் அல்லவா இருக்கிறோம்? ஆய்வகத்தில் உருளைக்கிழங்கைக் குடைந்து சவ்வூடு பரவலைச் செய்து பார்க்கிறோம். அதே மேசையில் ஒரு நாள் இக்கரைசலையும் எங்களைக் கலக்கச் சொல்லலாம். காய்ச்சி ஆறிய தண்ணீர் ஒரு லிட்டர், தலைதட்டிய சிறு தேக்கரண்டியால் சர்க்கரை ஆறு, உப்பு அரை. இதற்கு ஒரு பாடவேளைகூட முழுதாகத் தேவைப்படாது.