பஞ்சை நம்பிய ஊரும் எண்ணெயை நம்பிய நாடும்

2014இன் நடுவில் நூறு டாலருக்கு மேல் விற்ற கச்சா எண்ணெய்ப் பீப்பாய், 2016 தொடக்கத்தில் முப்பதுக்கும் கீழே இறங்கியது. அவ்வாண்டு ஏப்ரலில் சவூதி அரேபியா, எண்ணெயைச் சாராத பொருளாதாரத்துக்கான 2030 தொலைநோக்குத் திட்டத்தை அறிவித்தது. ஜூனில் அதன் பொது முதலீட்டு நிதியம் அமெரிக்காவின் ஊபரில் 350 கோடி டாலர் இட்டது. ஆயினும் 2024இல்கூட அரசு வருவாயில் பாதிக்கு மேல் எண்ணெயிலிருந்தே வந்தது. பணம் வேறு துறைக்குப் போவதும் அங்கு வாழும் மக்கள் வேறு பிழைப்புக்கு மாறுவதும் ஒன்றுதானா என்று நாம் கேட்டாக வேண்டும்.

இதற்கு ரியாத் வரை போக வேண்டாம், ராஜபாளையம் போதும். 1936இல் அங்கே பி. ஏ. சி. ராமசாமி ராஜா நூற்பாலை நிறுவினார். பஞ்சுதான் அவ்வூரின் எண்ணெய் ஆயிற்று. (வெளியூர்க்காரர்களுக்கு நாய்தான் முதலில் நினைவுக்கு வரும் என்பது வேறு விஷயம்.) 1957இல் அவரே மெட்ராஸ் சிமெண்ட்ஸ் தொடங்கினார், அவர் வழிவந்த குழுமம் 1997இல் மென்பொருள் நிறுவனமும் கண்டது. ஒரே தொழிலை நம்பாத அந்தத் தொலைநோக்கு பாராட்டுக்குரியதே. ஆனால் சிமெண்ட் ஆலைகள் சுண்ணாம்புக்கல் இருக்கும் இடம் தேடி விருதுநகர் அருகிலும் அரியலூர்ப் பக்கமும் ஆந்திரத்திலும் எழுந்தன. மென்பொருள் சென்னையில் அமைந்தது. முதலீடு பல துறை கண்டது; ஊருக்குப் பிரதானம் பஞ்சாகவே நீடித்தது. பக்கத்துச் சத்திரப்பட்டி மருத்துவமனைகளுக்கு பேண்டேஜ் துணி நெய்கிறது. சரக்கு புதியது, ஆனால் அதுவும் பருத்தி நூல்தானே! 2022 மே மாதம் ஒரு கண்டி, அதாவது 356 கிலோ பஞ்சு, ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியபோது ஆலைக்கும் தறிக்கும் ஒரே அடிதான் விழுந்தது.

சற்றே வடக்கில் ஸ்ரீவில்லிபுத்தூர். பாலும் சீனியும் விறகடுப்பும் கிளறும் கையுமாகப் பிழைக்கும் பால்கோவாவைப் பொருளியலார் பொருட்படுத்த மாட்டார்கள். ஆனால் அதன் காசு சுற்றுக் கிராமங்களில் மாடு வளர்ப்பவரிடம் திரும்புகிறது. 2019இல் கிடைத்த புவிசார் குறியீடு, அந்தப் பெயரை வேறூர்க்காரர் எடுத்துக்கொள்ளாமல் காக்கிறது. ஆலைத் தொழிலாளர் அனைவருக்கும் பால்கோவா சோறு போடாது என்பதை நாமும் அறிவோம். ஆனால் ராஜபாளையத்துக்கு மலையடிவாரத்தில் மாந்தோப்புகள் உண்டு. விளைச்சலோ பெரும்பாலும் பழமாகவே, கச்சா எண்ணெயைப் போல, லாரி ஏறுகிறது. பஞ்சில் ஈட்டிய முதலில் ஒரு சிறு பங்கு அந்தத் தோப்புகளின் பக்கம் திரும்பட்டும்.