கனவில் வந்த மாப்பிள்ளை

அஸ்ஸாமின் தேஜ்பூர் நகரில் பிரம்மபுத்திராவைப் பார்த்தபடி ஒரு குன்று இருக்கிறது. பெயர் அக்னிகட். பாணாசுரன் தன் மகள் உஷையைச் சுற்றி நெருப்பு வளையம் போட்டுக் காவல் வைத்த கோட்டை இதுதான் என்பது ஊர் நம்பிக்கை. இப்போது நெருப்பு இல்லை. படிக்கட்டுகளும் பூச்செடிகளும், உஷையின் கதையைச் சொல்லும் சிலைகளும் இருக்கின்றன. மாலை நேரத்தில் ஜோடி ஜோடியாக இளைஞர்கள் வந்து உட்காருகிறார்கள். காவல் போட்ட தகப்பனுக்கு இதைவிடப் பெரிய தண்டனை இருக்க முடியாது.

மொழிபெயர்ப்பு வேலையாக அங்கே போயிருந்தபோது என்னைக் குன்றுக்கு அழைத்துப் போனவர்கள் ஒரு தமிழ்த் தம்பதி. கணவர் வங்கி அதிகாரி. மாற்றலாகி வந்து இரண்டு வருடம். மனைவி திருநெல்வேலிப் பக்கம். சிலைகளைச் சுற்றி வரும்போது அவர் சொன்னார்: "எனக்கும் இவளை மாதிரிதான்க்கா. இவரைப் பார்க்கிறதுக்கு முன்னாடியே கனவுல பார்த்துட்டேன்."

கணவர் சிரித்தார். "கல்யாணமாகி மூணு மாசம் கழிச்சுத்தான் எனக்கே இந்தக் கனவு தெரிய வந்தது. அதுவும் ஒரு சண்டைக்கு அப்புறம்."

நானும் சிரித்தேன். ஆனால் இந்த மாதிரிப் பேச்சு புதிதல்ல. எந்த அலுவலகத்திலும், எந்தக் குடும்பத்திலும் ஒருவராவது இப்படிச் சொல்லக் கேட்டிருப்போம். சொல்பவர் பொய் சொல்வதாகவும் தோன்றுவதில்லை. பிறகு எப்படி?

ஒரு விளக்கம் ஞாபகத்தைப் பற்றியது. தூங்கும்போது கண்விழிகள் வேகமாக அசையும் கட்டத்தை 1953-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும் எழுதி வெளியிட்டார்கள். காட்சி காட்சியாக விரியும் கனவுகள் பெரும்பாலும் அந்தக் கட்டத்தில்தான் வருகின்றன. ஆனால் விழித்துப் பல் துலக்குவதற்குள் அவற்றில் பெரும்பகுதி கரைந்துவிடும். மிஞ்சுவது ஒரு சாயல்: ஒரு சட்டை நிறம், ஒரு குரல், ஒரு வாசற்படி. ஞாபகம் என்பது அப்படியே எடுத்துவைத்த புகைப்படம் அல்ல, ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டப்படுவது என்பதை பிரிட்டிஷ் உளவியலாளர் பார்ட்லெட் 1932-லேயே விளக்கிவிட்டார். ஒருவர் மீது பிரியம் வந்தபின் பழைய கனவைத் தேடிப் போகிறோம். அங்கே முகம் இருக்க வேண்டிய இடம் காலியாக இருக்கிறது. அதில் இந்த முகத்தைக் கொண்டுபோய் வைக்கிறோம். வைத்தது நாம்தான் என்பது மட்டும் மறந்துபோகிறது.

இத்தோடு விஷயத்தை முடித்துவிடலாம். ஆனால் பாகவதத்தின் பத்தாம் ஸ்கந்தத்தில் உஷையின் கதையை எழுதியவருக்கே இந்தச் சந்தேகம் இருந்திருக்க வேண்டும். அதனால்தான் சித்ரலேகாவைப் படைத்திருக்கிறார்.

உஷை கனவில் ஒருவனைக் காண்கிறாள். அதற்கு முன் அவனைப் பார்த்ததும் இல்லை, கேள்விப்பட்டதும் இல்லை. விழித்துக்கொண்டு, "எங்கே போனாய்?" என்று தோழிகள் நடுவே புலம்புகிறாள். மந்திரி கும்பாண்டனின் மகள் சித்ரலேகா உடனே மெய்சிலிர்க்கவில்லை. ஜோசியரைக் கூப்பிடவும் ஓடவில்லை. அடையாளம் கேட்கிறாள். கருநிறம், தாமரைக் கண்கள், மஞ்சள் ஆடை, நீண்ட கைகள் என்கிறாள் உஷை. இந்த அடையாளத்தை வைத்துக்கொண்டு ஆளைக் கண்டுபிடிக்க முடியாது. எனவே சித்ரலேகா வரைய ஆரம்பிக்கிறாள். தேவர்கள், கந்தர்வர்கள், நாகர்கள், யக்ஷர்கள், கடைசியில் மனிதர்கள். மனிதர்களில் யாதவ குலம். வசுதேவர், பலராமன், கண்ணன் என்று வந்து பிரத்யும்னனை வரைந்தபோது உஷைக்கு வெட்கம் தட்டுகிறது. அவன் மகன் அநிருத்தனை வரைந்ததும் தலைகுனிந்து சிரித்துக்கொண்டே, "இவன்தான், இவன்தான்" என்கிறாள்.

போலீஸ்காரர்கள் சாட்சி சொல்லச் சொல்ல முகம் வரைவதற்குப் பல நூற்றாண்டுகள் முந்தைய முறை இது. தந்தையின் முகத்தைப் பார்த்ததுமே ஏதோ ஒரு ஜாடை தட்டுப்பட்டு, மகன் முகத்தில் அது உறுதியாகிறது என்ற நுணுக்கத்தைக் கவனியுங்கள்.

அதன்பின் நடந்தது எல்லோருக்கும் தெரிந்ததே. சித்ரலேகா யோக சக்தியால் துவாரகைக்குப் பறந்து, கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்த அநிருத்தனை அப்படியே தூக்கி வந்துவிடுகிறாள். (அவனுக்கும் ஒரு கனவு வந்ததா என்று பாகவதத்தில் யாரும் கேட்கவில்லை.) இருவரும் ரகசியமாக வாழ்கிறார்கள். காவலர்கள் மோப்பம் பிடிக்கிறார்கள். பாணாசுரன் உள்ளே நுழையும்போது இருவரும் சொக்கட்டான் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். அநிருத்தன் நாகபாசத்தில் கட்டுண்டான். நாலு மாதம் கழித்து நாரதர் சொல்லித்தான் துவாரகைக்கே விஷயம் தெரிந்தது. கண்ணன் படையெடுத்து வர, பாணனுக்காக சிவனே எதிரில் நின்றார். சிந்திய ரத்தத்தால் ஊருக்கு சோணிதபுரம் என்று பெயர் வந்ததாம். அஸ்ஸாமிய மொழியில் ரத்தத்துக்கு 'தேஜ்' என்று பெயர். தேஜ்பூர்.

நம் ஊருக்கும் இந்தச் சண்டை தெரிந்திருக்கிறது. சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிய பதினோரு ஆடல்களில் ஒன்றான குடக்கூத்து, வாணனின் நகர வீதியில் மாயவன் ஆடியது. சிறைப்பட்ட பேரனை மீட்க ஆடியது என்பது உரை. தஞ்சை மாவட்டத்து மெலட்டூர் பாகவத மேளாவில் வேங்கடராம சாஸ்திரி தெலுங்கில் எழுதிய 'உஷா பரிணயம்' உண்டு. தேஜ்பூரில் வாழ்ந்த ஜோதிபிரசாத் அகர்வாலா, 1935-ல் முதல் அஸ்ஸாமியப் படத்தை எடுத்தவர், இளவயதில் எழுதிய நாடகம் 'சோணித குவரி'யும் இதே கதைதான்.

பார்க்கும் முன்பே காதலிப்பதை வடமொழி இலக்கணம் வெகு இயல்பாக எடுத்துக்கொண்டது. 14-ஆம் நூற்றாண்டில் ஒரிஸ்ஸாவில் வாழ்ந்த விசுவநாதர் தன் 'சாகித்ய தர்ப்பண'த்தில், கூடும் முன் தோன்றும் காதலுக்கு வழிகளைச் சொல்கிறார். ஒருவரைப் பற்றிப் பிறர் சொல்லக் கேட்டு வரலாம், பார்த்தும் வரலாம். பார்ப்பது நேரிலோ, ஓவியத்திலோ, மாயவித்தையிலோ, கனவிலோ இருக்கலாம். நான்குக்கும் சம மதிப்பு.

தமிழ் அகப்பாட்டு இந்த விஷயத்தில் கறாரானது. முதலில் ஆள் வர வேண்டும், பிறகுதான் கனவு. தொல்காப்பியர் தலைவன் தலைவியர்க்குக் கனவு உரியது என்கிறார். மகள் உடன்போனபின் தாய்க்கும் உரியது என்கிறார். திருக்குறளின் 'கனவுநிலை உரைத்தல்' முழுவதும் பிரிந்துபோனவனைப் பற்றியது. அறியாத முகம் கனவில் வருவதற்கு நம் அகத்திணையில் இடம் குறைவு. ஆண்டாள் கண்ட திருமணக் கனவு விதிவிலக்குப் போலத் தெரியும். ஆனால் அவளுக்கும் மாப்பிள்ளை யார் என்பதில் ஒரு நாளும் சந்தேகம் இருந்ததில்லை.

அப்படியானால் முகம் தெரியாதவனைக் கனவு காண்பதில் ஆபத்து உண்டா? உண்டு. அதற்கும் ஒரு காவியம் இருக்கிறது.

1483-ல் பாரசீகக் கவிஞர் ஜாமி முடித்த 'யூசுப் ஜுலைகா' இந்தியாவெங்கும் பரவிய கதை. காஷ்மீரியில் மஹ்மூத் காமி பாடினார். வங்காளியில் ஷா முகம்மது சகீர். மேற்கு தேசத்து இளவரசி ஜுலைகா மூன்று முறை ஒரே அழகனைக் கனவில் காண்கிறாள். முதல் முறை முகம் மட்டும். காய்ச்சல் வந்தவள் போல ஆகிறாள். மூன்றாம் முறை, "நீ யார்?" என்று கேட்கிறாள். "எகிப்தின் மந்திரி" என்று பதில் வருகிறது. அவ்வளவுதான், பிற நாட்டு வரன்களை எல்லாம் தள்ளிவிட்டு எகிப்து மந்திரிக்குத் தூது போகிறது. சம்மதம் வருகிறது. ஊர்வலமாகப் போகிறாள். கூடாரத் துணியின் இடுக்கு வழியே எட்டிப் பார்க்கிறாள். அங்கே நிற்பவன் கனவில் வந்தவன் இல்லை.

கனவு பொய் சொல்லவில்லை. யூசுப் பிற்காலத்தில் அந்தப் பதவிக்கு வந்தார். அவள் போன நாளில் பதவியில் வேறு ஆள் இருந்தான், அவ்வளவே. ஜுலைகாவுக்கு ஒரு சித்ரலேகா இல்லை. முகத்தை வரைந்து காட்டி, "இவனா?" என்று கேட்க யாரும் இல்லை. கையில் கிடைத்தது உத்தியோகத்தின் பெயர் மட்டும். அதை வைத்துக் கல்யாணம் முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையின் மணமகன் தேவைப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். எத்தனை எகிப்து மந்திரிகள்! அமெரிக்காவில் வேலை, சொந்த வீடு, இத்தனை லட்சம் சம்பளம், இன்ன குலம், இன்ன நட்சத்திரம். இணையதளத்தில் தேடினாலும் அதே கட்டங்கள்தான். பெற்றோரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர்களும் பெண்ணுக்காக ஒரு கனவு காண்கிறார்கள். அந்தக் கனவில் முகம் கிடையாது, உத்தியோகம்தான் வரும். பெண் கூடாரத்தின் இடுக்கு வழியே பார்க்கும்போது ஊர்வலம் வந்து இறங்கியிருக்கும். மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்தாகியிருக்கும்.

தேஜ்பூர்த் தம்பதியிடம் திரும்புகிறேன். குன்றிலிருந்து இறங்கும்போது கணவர் டீ வாங்கப் போனார். நான் விடாமல் கேட்டேன்: "கனவுல வந்தது நிச்சயமா இவர்தானா?"

அவர் ஆற்றைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"உண்மையைச் சொல்லட்டுமாக்கா? முகம் எனக்கு ஞாபகமே இல்ல. ஒரு திண்ணை. யாரோ உட்கார்ந்து நான் பேசுறதைக் கேட்டுக்கிட்டே இருந்தாங்க. குறுக்கே பேசலை. அவ்வளவுதான் கனவு. அப்போ எனக்கு ஒரு வெளிநாட்டு வரன் கிட்டத்தட்ட முடிவாயிருந்தது. அவர் போன்ல பேசும்போது ஒரு வாக்கியம்கூட என்னை முடிக்க விட்டதில்ல. காலையில எந்திரிச்சு எங்க அக்காகிட்ட கனவைச் சொன்னேன். 'யாரு, மாப்பிள்ளையா?'ன்னு கேட்டா. 'இல்லக்கா, அவர் இல்ல'ன்னேன். சொன்ன பிறகுதான் எனக்கே விளங்குச்சு. அக்கா ஒண்ணும் சொல்லலை. அன்னைக்கே அப்பாகிட்டப் போய்ப் பேசிட்டா."

"அப்பா?"

"ஒரு வருஷம் என்கூட முகம் கொடுத்துப் பேசலை. நிச்சயத்துக்கு வாங்கின புடவை பீரோவுலயே கிடந்தது. இவர் வந்தது அதுக்கும் ரெண்டு வருஷம் கழிச்சு. பொண்ணு பார்க்க வந்த அன்னைக்கு நான் ஏதோ சொன்னேன், கடைசி வரைக்கும் கேட்டார். சரி, இவரா இருக்கட்டும்னு நினைச்சேன்."

'இவர்தான்' என்று அவர் சொல்லவில்லை. 'இவரா இருக்கட்டும்' என்றார்.

அன்று இரவு பாகவதக் கதையை மறுபடியும் நினைத்துப் பார்த்தேன். உஷை தலைகுனிந்து சிரித்த அந்த ஒரு முகத்தைத்தான் எல்லோரும் பாடியிருக்கிறார்கள், வரைந்திருக்கிறார்கள். அதற்கு முன் எத்தனை முகங்களுக்கு அவள் 'இல்லை' என்று தலையசைத்திருப்பாள்! தேவர்களுக்கு இல்லை. கந்தர்வர்களுக்கு இல்லை. கனவு அவளுக்குக் கொடுத்தது ஒரு காதலனை மட்டும் அல்ல, அத்தனை பெரிய இடங்களையும் மறுக்கிற தைரியத்தையும்தான். நெருப்பு வளையத்துக்குள் பிறந்த பெண் 'எனக்கு இவன் வேண்டாம்' என்று வாய்திறந்து சொல்ல முடியாது. 'கனவில் வந்தவன் இவன் இல்லை' என்று சொல்லலாம். கனவோடு யாரும் வாதாட முடியாது.

வீட்டில் ஒரு பெண் காலையில் எழுந்து கனவு என்று ஆரம்பித்தால், அது பலிக்குமா என்று பஞ்சாங்கத்தைப் புரட்ட வேண்டாம். ஆளைத் தேடிப் புறப்படவும் வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து, "யாரு?" என்று கேட்டால் போதும். யார் இல்லை என்பதாவது தெரிந்துவிடும், மண்டபத்துக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்னால்.