அத்தை வீட்டுக் கிளி

போன ஆவணியில் உத்திரமேரூருக்குப் போயிருந்தேன். அங்கே என் அத்தை தனியாக இருக்கிறாள். "வாம்மா, வா!" என்று வாய் நிறைய அழைத்தவள், வலது கையை மட்டும் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். இழுத்துப் பார்த்தேன். ஆள்காட்டி விரலில் துணிக் கட்டு!

"அரிவாள்மணையா, அத்தை?"

"அதெல்லாம் இல்லை. பேச்சுத் துணைக்கு என்று உன் அத்தான் வாங்கி அனுப்பியிருக்கானே, அதுதான்!"

கூடத்தின் நடுவில் ஒரு கூண்டு. அதனுள் ஒரு காக்கடீல். சாம்பல் உடம்பு, மஞ்சள் முகம், கன்னத்தில் குங்குமத்தை அப்பினாற்போல ஒரு பொட்டு, தலையில் கொண்டை. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த சிறு கிளி இனம். "ஏரிப் பக்கம் பச்சைக்கிளி கூட்டம் கூட்டமாகப் பறக்கிறது. காசு கொடுத்து இந்தக் குருவியை வாங்குவானேன்?" என்பது அத்தையின் மனக்குறை.

பச்சைக்கிளியைக் கூண்டில் அடைப்பது 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், சகோதரிகளே. 2024 ஏப்ரலில் கடலூரில் தேர்தல் வேட்பாளருக்கு ஜோசியம் சொன்ன கிளி ஜோசியரையே வனத் துறையார் பிடித்துப் போய், கிளிகளையும் எடுத்துக்கொண்டார்கள். காக்கடீலுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் கடி உண்டு.

மூன்று வாரமாக அத்தை கையை நீட்ட, அது கடிக்க, அவள் அலற, அக்கம்பக்கத்துக் குழந்தைகள் கூண்டைத் தட்டிச் சிரிக்க, இப்படியே நடந்திருக்கிறது. "தண்ணீரை விசிறி அடியுங்கள்" என்றாளாம் ஒருத்தி. "ஒரு நாள் பட்டினி போட்டால் தானே வழிக்கு வரும்" என்றாளாம் இன்னொருத்தி. பாவம், நல்லெண்ணத்தில் சொன்னதுதான். ஆனால் இரண்டும் கூடாது.

"நாளைக் காலையில் கூண்டைத் திறந்து விடப் போகிறேன். இதுவும் என்னை வேண்டாம் என்கிறது" என்றாள் அத்தை. அந்த 'இதுவும்' எனக்குச் சுருக்கென்றது. மாமா காலமாகி இரண்டு வருஷம். பிள்ளை பெங்களூரில்.

திறந்து விட்டால் என்ன ஆகும்? கூண்டிலேயே பொரித்து வளர்ந்த பறவைக்கு வெளியில் இரை தேடத் தெரியாது. கொல்லை முருங்கையிலோ எப்போதும் காக்கைகள். ஒரு பொழுது தாங்காது.

எனக்குத் தெரிந்த கால்நடை டாக்டர் ஒருவரைத் தொலைபேசியில் கேட்டேன். "கோபத்தில் கடிக்கவில்லை அம்மா, பயத்தில் கடிக்கிறது" என்றார். யோசித்துப் பாருங்கள். மேலேயிருந்து இறங்கும் கை அதற்குப் பருந்து மாதிரி. கடையில் அதைப் பிடித்துப் பெட்டியில் திணித்ததும் ஒரு கைதானே! கடிப்பதற்கு முன்னால் அது சொல்லத்தான் சொல்கிறது. கொண்டையைத் தலையோடு படிய வைக்கும், பின்னால் சாயும், 'உஸ்' என்று சீறும். நாம் கேட்பதில்லை. கடித்தால் மட்டும் கை போகிறது. ஆகவே கடியையே பாஷையாக வைத்துக்கொள்கிறது.

இன்னொன்று. கிளிக்கு அலகுதான் மூன்றாவது கை. ஏணியில் ஏறுமுன் நாம் அதை ஆட்டிப் பார்ப்பதில்லையா? அப்படி விரலில் ஏறுமுன் அலகால் பற்றிப் பார்க்கும். அது கடி அல்ல. அந்தச் சமயம் கையை வெடுக்கென்று இழுத்தால், 'இந்தக் கிளை ஆடும் கிளை' என்று தீர்மானித்துவிடும்.

யார் சபையில் உட்காரலாம், யார் கூடாது என்று பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும், கோயில் சுவரில் வெட்டி வைத்த ஊர் இது. தன் அருகே யார் வரலாம் என்று சொல்ல அந்த ஊர்க் கிளிக்கு மட்டும் உரிமை இல்லையா என்ன?

கூடத்து நடுவிலிருந்த கூண்டைச் சுவரோரமாக, மார்பு உயரத்துக்கு மாற்றினோம். சமையலறைப் பக்கம் வேண்டாம் என்றார் டாக்டர். ஒட்டாத பூச்சுள்ள வாணலி அதிகமாகக் காய்ந்தால் எழும் புகை பறவையைக் கொன்றுவிடுமாம். தீனியும் தண்ணீரும் வைக்க மட்டுமே கை உள்ளே போகலாம். அதுவும் முன்கூட்டிக் குரல் கொடுத்து, மெதுவாக. மற்றபடி ஒரு வாரம் யாரும் அதைச் சீண்டவில்லை. புக்ககம் வந்த முதல் நாளே பெண்ணைப் பாடச் சொன்னால் எப்படி? அத்தை பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்தாள், அரிசியில் கல் பொறுக்கினாள், ஊர்க்கதையெல்லாம் அதனிடம் சொன்னாள்.

அடுத்த வாரம் தினைக்கதிர். கிண்ணத்தில் மற்ற தானியம் எப்போதும் போல இருக்கும். தினை மட்டும் அத்தை கையால். வள்ளி தினைப்புனத்தில் கிளி ஓட்டினாள். நாங்கள் தினை காட்டிக் கிளியை அழைத்தோம்! முதலில் கூண்டுக்கு வெளியே நீளக் கதிர். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குட்டையாக. காலை ஐந்து நிமிஷம், மாலை ஐந்து நிமிஷம், அவ்வளவுதான். கொண்டை படிய ஆரம்பித்த உடனே, சீறுவதற்கு முன்பே, கையை மெதுவாக எடுத்துவிட வேண்டும். சொன்னால் கேட்கிறார்கள் என்று தெரிந்த பிறகு அது ஏன் கடிக்கிறது? தப்பித் தவறிக் கடித்தாலும் கத்தக் கூடாது, உதறக் கூடாது, திட்டக் கூடாது. இதுதான் அத்தைக்கு மகா கஷ்டமாக இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள்.

(நன்றாகப் பழகிய கிளி திடீரென்று கடிக்கத் தொடங்கினால் சமாசாரமே வேறு. உடம்புக்கு ஏதோ வந்திருக்கலாம். டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.)

நான் சென்னை திரும்பிய பிறகு ஒரு நாள் அத்தையின் போன். "கதிரைத் தின்று முடித்து, என் விரலை அலகால் பிடித்தது. புண் ஆறின அதே விரல்."

"அப்புறம்?"

"நான் இழுக்கவில்லை. ஒரு காலை வைத்தது. ரொம்ப நேரம் யோசித்தது. அப்புறம் இன்னொரு காலையும் வைத்துவிட்டது." கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "கால் சில்லென்று இருக்கும் என்று நினைத்திருந்தேன். கதகதப்பாக இருக்கிறதடி."

தீபாவளிக்கு அத்தான் ஊருக்கு வந்தார். நான் வாங்கிக் கொடுத்த கிளிதானே என்று, வந்ததும் வராததுமாகக் கூண்டுக்குள் கையை விட்டாராம். இப்போது கட்டு அவர் விரலில்.