குரலுக்குப் பின்னால் ஒரு குழு

அலிகேட்ஸ் இசைக்குழு என்றதும் மலேசியாவில் முதலில் நினைவுக்கு வருவது டேவிட் ஆறுமுகத்தின் பம்பைத் தலைமுடி. அடுத்தது அவர் தம்பி லோகாவின் குரல். பினாங்குத் தமிழ் அண்ணன் தம்பி இருவர், அறுபதுகளின் கடைசியில் மேடையேறி, மலாய்ப் பாட்டுலகின் உச்சிக்குப் போனார்கள். இதைக் குரல்வளத்தின் கதையாகவே சொல்லிப் பழகிவிட்டோம். எனக்கு அதில் உடன்பாடில்லை. அது ஒரு குழு வளர்ந்த கதை.

அவர்களுடைய முதல் மலாய் ஆல்பம் ‘தெரிமா காசி’ வந்தது 1979இல். அதற்கு முன்பே எழுபதுகளில் ஹாங்காங் வரை போய், கிளப் மேடைகளில் அடுத்தவர் பாட்டுகளை வாசித்துத் தேறியிருந்தார்கள். இசையமைப்பாளர் எம். நாசிர் போன்றவர்களின் மெட்டுகள் கைக்கு வந்தபோது, அவற்றைத் தாங்க ஒரு குழு தயாராக இருந்தது.

மலாய்ப் பாட்டுக்கு மட்டுமல்ல, சோல், புளூஸ் இசைக்கும் இந்தத் தயார்நிலைதான் உயிர். பாடுகிறவர் சொல்லைத் தாளத்துக்குச் சற்றுப் பின்னால் இழுத்து விடுவார். டிரம்ஸ்காரரும் அவரோடு சேர்ந்து இழுத்தால் பாட்டு படுத்துவிடும். டிரம்ஸ்காரர் அசையாமல் நிற்க வேண்டும். பேஸ் கிட்டார் அவரை ஒட்டியே நடக்க வேண்டும். நாதஸ்வரக்காரர் எங்கே சுற்றினாலும் தவில்காரர் கணக்கை விடாமல் பிடித்திருப்பாரே, அந்த மாதிரி. பாடகர் மூச்செடுக்கும்போது தோள் ஏறும். அதைப் பார்த்தே கீபோர்டுக்காரரின் கை முடிவைத் தெரிந்துகொள்ளும். இதையெல்லாம் வீட்டில் உட்கார்ந்து பழக முடியாது. ஒரே ஆட்கள், இரவு மாற்றி இரவு, சேர்ந்து வாசித்தால்தான் வரும்.

அமெரிக்காவிலும் இப்படித்தான். மெம்பிஸ் நகரின் ஸ்டாக்ஸ் ஸ்டூடியோவுக்கு 1962இல் ஒரு கிட்டார் கலைஞரைக் காரில் அழைத்து வந்தவர் சோல் பாடகர் ஓட்டிஸ் ரெடிங். கடைசியில் மிஞ்சிய நேரத்தில் ரெடிங்கைப் பாடவிட்டார்கள். பாடினார், உலகம் அறிந்தது. அங்கே எப்போதும் வாசித்துக்கொண்டிருந்த புக்கர் டி குழுவை எத்தனை பேர் அறிவார்கள்? நிறவெறி கோலோச்சிய ஊரில் கறுப்பரும் வெள்ளையரும் ஒன்றாக உட்கார்ந்து வாசித்த குழு அது.

லோகா 2007இல் புற்றுநோயால் மறைந்தார். டேவிட் குழுவைக் கலைக்கவில்லை. அதே பெயரில் தொடர்ந்து பாடினார். அவர்மீது எனக்குள்ள மரியாதைக்கு அதுவும் ஒரு காரணம்.

பினாங்கின் ஜார்ஜ்டவுனில் இன்றும் நல்ல குரலுள்ள பிள்ளைகள் இருக்கிறார்கள். 2010 முதல் ஜார்ஜ்டவுன் விழாவும் நடக்கிறது. விழா மேடை நல்லதுதான். ஆனால் ஆண்டுக்கொரு மேடையில் குழு உருவாகாது. தெருவுக்குத் தெரு ஹோட்டலும் கபேயும் வைத்திருப்பவர்களைக் கேட்கிறேன்: வாரத்தில் ஓர் இரவை ஒரே குழுவுக்கு ஒரு வருடம் கொடுங்கள். பாடுகிற பிள்ளைக்கு மட்டுமல்ல, டிரம்ஸ் வாசிக்கிற பிள்ளைக்கும் சம்பளம் கொடுங்கள்.