எண்டோமெட்ரியோசிஸ்: பாக்டீரியாதான் காரணமா? மாத்திரை வாங்கும் முன் கொஞ்சம் பொறுங்க

ஆனைமலை மாசாணியம்மன் கோயில் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது மிளகாய்தான். நியாயம் கேட்டு வருபவர்கள் ஆட்டுக்கல்லில் மிளகாய் அரைத்து நீதிக்கல்லில் பூசிவிட்டுப் போவார்கள். அதிகம் பேசப்படாத இன்னொரு கூட்டமும் அங்கே உண்டு. மாதவிடாய்க் கோளாறு தீரணும் என்று பச்சிலை மருந்து சாப்பிட்டு, கறுப்புக் கயிறு கட்டிக்கொண்டு போகும் பெண்கள்.

வீட்டில் சொன்னால், "எல்லாப் பொம்பளைக்கும் வர்றதுதானே, பொறுத்துக்க கண்ணு" என்பார்கள். மருந்துக்கடையில் சொன்னால் வலி மாத்திரை தருவார்கள். முழுசாகச் சொல்ல அம்மனைத் தவிர ஆள் இல்லை. இந்த வலிகளில் ஒரு பகுதிக்கு எண்டோமெட்ரியோசிஸ் என்று பெயர். உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி, கருத்தரிக்கும் வயதில் உள்ளவர்களில் ஏறக்குறைய 10 சதவீதம், அதாவது 19 கோடிப் பேருக்கு இது இருக்கிறது.

கருப்பையின் உள்ளே இருக்க வேண்டிய படலத்தைப் போன்ற திசு, சினைப்பை, குடல், சிறுநீர்ப்பை என்று வெளியே போய் ஒட்டி வளர்வதுதான் நோய். மாதாமாதம் அதுவும் வீங்கும், கசியும். ஆனால் ரத்தம் வெளியேற வழி இல்லை. வலி, உள்ளுறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வது, சிலருக்குக் குழந்தை தங்காமல் போவது எல்லாம் இதனால் வருபவை.

அந்தத் திசு அங்கே எப்படிப் போனது? மாதவிடாய் ரத்தத்தில் கொஞ்சம் கருக்குழாய் வழியாகப் பின்னோக்கி வயிற்றுக்குள் போகிறது என்றார் அமெரிக்க மருத்துவர் ஜான் சாம்ப்சன். அது 1927. இன்றும் அதுதான் முக்கிய விளக்கம். ஆனால் அதில் ஒரு ஓட்டை இருக்கிறது. அப்படிப் பின்னோக்கிப் போவது பெரும்பாலான பெண்களுக்கு நடக்கிறது. நோய் வருவதோ பத்தில் ஒருவருக்கு. மீதிப் பேருக்கு ஏன் வரவில்லை?

இங்கேதான் நோய் எதிர்ப்பு மண்டலம் வருகிறது. வயிற்றுக்குள் தப்பி வந்த செல்களைத் தின்று சுத்தம் செய்வது மேக்ரோபேஜ் என்ற காவல் செல்களின் வேலை. எண்டோமெட்ரியோசிஸ் உள்ளவர்களிடம் அவை சுத்தம் செய்வதை விட்டுவிட்டு, அந்தத் திசு வளர உதவி செய்கின்றன. அதற்கு ரத்தக்குழாய் வரவும் வழி செய்கின்றன. வேலியே பயிரை மேய்ந்த கதைதான். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் 2025-ல் வெளியிட்ட ஆய்வும் இதோடு ஒத்துப்போகிறது. இந்த நோய் உள்ள பெண்களுக்கு முடக்குவாதம் போன்ற எதிர்ப்பு மண்டலக் கோளாறுகள் வரும் வாய்ப்பு 30 முதல் 80 சதவீதம் வரை அதிகம் என்றது அது.

சரி, காவல்காரர்களைக் கெடுத்தது யார்? ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகம் 2023-ல் ஒரு பெயரைச் சொன்னது: ஃபியூசோபாக்டீரியம். நம் வாயில், ஈறுகளில் சாதாரணமாக இருக்கும் பாக்டீரியாதான். 155 பெண்களின் கருப்பைப் படலத்தைப் பரிசோதித்ததில், எண்டோமெட்ரியோசிஸ் உள்ளவர்களில் 64 சதவீதம் பேரிடம் அது இருந்தது. நோய் இல்லாதவர்களில் 10 சதவீதத்துக்கும் குறைவு. பாக்டீரியா வந்ததும் மேக்ரோபேஜ்கள் ஒரு வேதிச் சமிக்ஞையை அனுப்ப, பக்கத்துச் செல்கள் மாறி, ஒட்டவும் பெருகவும் ஆரம்பிக்கின்றன என்பது அவர்களின் விளக்கம். எலிகளுக்கு ஆன்டிபயாடிக் கொடுத்ததும் கட்டிகளின் எண்ணிக்கையும் எடையும் குறைந்தன.

அந்த ஆன்டிபயாடிக்குகளில் ஒன்று மெட்ரோனிடசோல். பேதிக்கு நம்ம வீட்டு மருந்து டப்பாவில் பாதி அட்டை மிச்சம் இருக்குமே, அதேதான். சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது. சட்டப்படி டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து அது. நடைமுறையில் என்ன நடக்கிறது என்று யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பலன் தெரிந்தது எலிகளிடம். மனிதர்களிடம் பார்த்தது ஒரே நாட்டைச் சேர்ந்த 155 பேரை. பாக்டீரியா வந்ததால் நோயா, நோயால் பாக்டீரியா தங்கியதா என்பதும் இந்த எண்ணிக்கையை மட்டும் வைத்து முடிவாகிற விஷயமில்லை. நோயாளிகளுக்கு ஆன்டிபயாடிக் கொடுத்துப் பார்க்கும் சோதனையை நகோயா குழுவே தொடங்கியது அதனால்தான். நம் ஊரில் இன்னொரு காரணமும் சேர்கிறது. கருப்பைக் காசநோய் இங்கே அரிதல்ல. அடிவயிற்று வலி, ஒழுங்கற்ற மாதவிடாய், குழந்தையின்மை என்று அதுவும் கிட்டத்தட்ட இதே முகத்தோடுதான் வரும். கைக்குக் கிடைத்த ஆன்டிபயாடிக்கை விழுங்கிக்கொண்டு காலத்தைக் கடத்தினால் கண்டுபிடிப்பது இன்னும் தள்ளிப்போகும். இத்தனைக்கும் காசநோய்க்கு அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம்.

ஏற்கெனவே தாமதம் கொஞ்சநஞ்சமல்ல. பிரிட்டனிலேயே இந்த நோயைக் கண்டுபிடிக்க சராசரியாக 8 ஆண்டு 10 மாதம் ஆகிறது என்று 2024-ல் அங்குள்ள நோயாளிகள் அமைப்பு சொன்னது. தென்னந்தோப்பிலும் கயிறு ஆலையிலும், மேலே வால்பாறை எஸ்டேட்டிலும் வேலை செய்கிற பெண்ணுக்கு எவ்வளவு ஆகும்? ஒரு நாள் படுத்தால் அன்றைய கூலி போச்சு. ஸ்கேன், ஸ்பெஷலிஸ்ட் என்று பொள்ளாச்சிக்கோ கோவைக்கோ அலைந்தால் இன்னும் சில நாள் கூலியும் போகும்.

பாக்டீரியா ஆய்வின் உண்மையான பயன் மாத்திரையில் இல்லை. அது இன்னும் வரவில்லை. "உடம்பு வாகு", "மனசுதான் காரணம்" என்று தள்ளிவிட முடியாத, அழற்சியும் எதிர்ப்பு மண்டலமும் சம்பந்தப்பட்ட நோய் இது என்று சொல்ல ஒரு ஆதாரம் கூடியிருக்கிறது. "கல்யாணம் பண்ணு, ஒரு குழந்தை பிறந்தா சரியாகிடும்" என்ற அறிவுரைக்கும் இனி இடமில்லை. சிகிச்சை என்ற பெயரில் கர்ப்பத்தைப் பரிந்துரைக்க வேண்டாம் என்று ஐரோப்பிய மருத்துவ வழிகாட்டுதல் 2022-லேயே சொல்லிவிட்டது. எல்லோரும் லேப்ராஸ்கோப்பி வரை போக வேண்டியதில்லை, அறிகுறிகளை வைத்தே ஹார்மோன் சிகிச்சையைத் தொடங்கலாம் என்பதும் அதில் இருக்கிறது.

அரசு செய்யக்கூடியது ஒன்று உண்டு, பெரிய செலவும் இல்லை. 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, பிபி பார்க்க வீட்டு வாசலுக்கே ஆள் வருகிறார்கள். வருபவரும் பெரும்பாலும் பெண்தான். "மாசா மாசம் வேலைக்குப் போக முடியாத அளவுக்கு வலிக்குதாங்க?" என்ற ஒரு கேள்வியை அந்தப் பட்டியலில் சேர்க்கலாம்.

அதுவரை, டாக்டரிடம் போகும்போது வெறும் "வயித்து வலி" என்று சொல்லாதீர்கள். எத்தனை நாள் வலி, மலம் கழிக்கும்போது வலிக்கிறதா, உறவின்போது வலிக்கிறதா, எத்தனை நாள் வேலையோ காலேஜோ போனது என்று மூன்று மாதம் போனில் குறித்துவைத்துக் காட்டுங்கள். ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்று வந்தாலும், நோய் இல்லை என்று அர்த்தமில்லை.